கை தூக்குவதும் கையெழுத்துப் போடுவதும்

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

உயிருடன் இருப்பவர்கள் சிறுநீரகம் கொடுப்பதைப் பற்றி முந்தைய இதழில் வெளியான கட்டுரைக்கு வந்த கடிதங்களில் கணிசமானவை மருத்துவ மாணவர்களிடமிருந்தும் அவர்களுடைய வீட்டாரிடமிருந்தும் வந்தவை. சிறுநீரகப் பிரிவில் பணியாற்றிக்கொண்டே மாணவர்களுக்குப் பாடமும் நடத்தும் நம் மருத்துவர், இம்முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறார்.

கேள்வி: எங்கள் வகுப்பில் பேராசிரியர் ஒருவர், ‘உயிருடன் இருக்கும்போதே ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்கத் தயாரா?’ என்று கேட்டார். அம்மா அப்பாவுக்கு என்றபோது ஏறக்குறைய எல்லாரும் கை தூக்கினோம். நண்பருக்கு என்றபோது பாதிக் கைகள் இறங்கிவிட்டன. முன்பின் தெரியாதவருக்கு என்றபோது இரண்டு மூன்று பேரே மிஞ்சினார்கள். நாளைக்கு மற்றவர்களைக் கொடுக்கச் சொல்லப்போகிற நாங்களே இப்படி இருப்பது போலித்தனம் இல்லையா?
– மூன்றாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவர், மதுரை

பதில்: மருத்துவ மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்த பல நாடுகளிலும் கைகள் ஏறக்குறைய இதே வரிசையில்தான் இறங்கியிருக்கின்றன. பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் மனைவி என்ற வட்டத்துக்குள் தயக்கம் குறைவாக இருக்கிறது. வட்டம் விரிய விரிய ஒப்புதல் குறைகிறது. இதைப் போலித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் ‘மற்றவர்களைக் கொடுக்கச் சொல்லப்போகிற நாங்கள்’ என்ற ஓர் இடம் இருக்கிறது; அதைத்தான் திருத்த விரும்புகிறேன். யாரையும் கொடுக்கச் சொல்வது மருத்துவரின் வேலை இல்லை. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இதனால் நேரக்கூடிய விளைவுகள், சிக்கல்கள், ஆபத்துகள் அனைத்தையும் விளக்க வேண்டிய கடமையைத்தான் மருத்துவர்மேல் சுமத்துகிறது. விளக்கியபின் முடிவெடுக்க வேண்டியவர் கொடுப்பவர்தான்.

கைகளை எண்ணுவதைவிட, அந்தக் கைகள் எதை அறிந்து எழுந்தன என்று கேட்பது பயனுள்ளது. இறந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறுவதில் உலகிலேயே முன்னணியில் உள்ள ஸ்பெயினில் ஒரு மாணவர் இந்தக் கேள்விக்கு ‘தருவேன்’ என்று சொன்னால், பெரும்பாலும் அந்தச் சொல் அவர் வாழ்க்கையில் சோதிக்கப்படாமலே போய்விடும். இந்தியாவில் நடக்கும் சிறுநீரக மாற்று அறுவைகளில் பெரும்பகுதி, உயிருடன் இருப்பவர்கள் கொடுத்த சிறுநீரகங்களைக் கொண்டே நடக்கிறது. நீரிழிவோ இரத்தக் கொதிப்போ இல்லாத குடும்பத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும் நம் ஊரில், உங்கள் வகுப்பில் கை தூக்கியவர்களில் சிலருக்காவது இதே கேள்வி ஒருநாள் வீட்டுக் கூடத்திலேயே வந்து நிற்கும்.

அதற்கு மருத்துவப் படிப்பு உங்களை எவ்வளவு தயார்ப்படுத்துகிறது? சட்ட மருத்துவப் பாடத்தில் உறுப்பு மாற்றுச் சட்டமும் மூளைச்சாவும் வருகின்றன; 2019 முதல் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கென்று தனி வகுப்புகளும் பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆனால் மாணவரின் மனத்தைப் பாடப் புத்தகத்தைவிட வார்டுதான் அதிகம் உருவாக்குகிறது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்று டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருப்பவர்களை நீங்கள் பார்க்கிறீர்கள். மாற்றிய சிறுநீரகத்தை உடல் ஏற்காமல் திரும்பி வந்தவரையும் பார்க்கிறீர்கள். ஆனால் ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு நலமாக இருப்பவர் வார்டுக்கு வருவதே இல்லை. அவர் எங்கோ வயலில் மடை திருப்பிக்கொண்டோ பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டோ இருக்கிறார். ஆகவே சில மாணவர்களுக்குச் சிறுநீரகம் கொடுப்பவர் என்றாலே பாதி நோயாளி என்ற எண்ணம் ஏற்பட்டுவிடுகிறது. வேறு சிலரோ உடலியங்கியல் புத்தகத்தில் சிறுநீரகத்தின் உபரித் திறனைப் படித்துவிட்டு, ‘ஒன்றே போதுமே, இதிலென்ன’ என்று பேசுகிறார்கள். எனக்கு முதல் வகையினரைவிட இரண்டாம் வகையினரைப் பற்றித்தான் கவலை அதிகம். அச்சப்படுபவர் கேள்வி கேட்பார், அலட்சியமாக இருப்பவர் கையெழுத்து வாங்கிவிடுவார்.

ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு முன் சிறுநீரகம் கொடுத்த ஒருவரை அவருடைய சம்மதத்துடன் வகுப்புக்கு அழைத்துப் பேச வைக்கும்படி உங்கள் பேராசிரியரைக் கேளுங்கள். அதன்பின் கை தூக்கச் சொன்னால், எழும் கைகள் முன்பைவிடக் குறைந்தாலும் கூடினாலும், அவை விவரம் தெரிந்து எழுந்தவையாக இருக்கும்.

கேள்வி: எனக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வயது 49. என் மனைவி கொடுக்கத் தயாராக இருக்கிறார்; இரத்தப் பிரிவும் பொருந்துகிறது. ஆனால் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், வயது 20, ‘எனக்குத்தான் இதெல்லாம் தெரியும், நானே தருகிறேன், அம்மாவை விடுங்கள்’ என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அவளிடமிருந்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. படித்த பிள்ளை சொல்வதை மறுக்கவும் தெரியவில்லை.
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: சட்டப்படி 18 வயது நிறைந்த மகள் கொடுக்கலாம். மருத்துவப்படி, உங்கள் மனைவி பரிசோதனைகளில் தேறினால் அவரிடமிருந்து பெறுவதே சரி என்பது என் கருத்து. காரணங்களை உங்கள் மகளும் படிக்கட்டும் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அறுவையின்போதும் அதையொட்டிய நாட்களிலும் உயிருக்கு நேரும் ஆபத்து மிகக் குறைவு. அமெரிக்காவில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கொடையாளர்களை ஆராய்ந்து 2010இல் வெளியான கணக்கில் அது பத்தாயிரம் பேரில் சுமார் 3 ஆக இருந்தது. 2013 முதல் 2022 வரையிலான காலத்தில் அங்கே அது பத்தாயிரத்துக்கு 1 என்ற அளவுக்கும் கீழே இறங்கிவிட்டது. சிறு துளைகள் வழியே செய்யப்படும் லேப்ராஸ்கோப்பி முறை 1990களின் நடுவில் வந்தபிறகு வலியும் மருத்துவமனையில் தங்கும் நாட்களும் குறைந்திருக்கின்றன. பெரும்பாலானோர் சில நாட்களில் வீடு திரும்பி, நான்கு முதல் ஆறு வாரங்களில் வழக்கமான வேலைகளுக்குப் போகிறார்கள். மீதமிருக்கும் சிறுநீரகம் தன் திறனைக் கூட்டிக்கொள்வதால், மொத்தச் செயல்திறன் பாதியாகக் குறையாமல் முன்பிருந்ததில் 60 முதல் 70 விழுக்காட்டில் நிலைபெறுகிறது.

நெடுங்கால ஆபத்தைப் பற்றித்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1963 முதல் 2007 வரை சிறுநீரகம் கொடுத்த 3,698 பேரை ஆராய்ந்தபோது, அவர்கள் பொதுமக்களைப் போலவே நீண்ட நாள் வாழ்ந்தது தெரிந்தது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்கள் 11 பேர்தான். 2009இல் இந்த முடிவு வெளியானபோது எல்லாரும் நிம்மதி அடைந்தோம். ஆனால் கொடையாளர்கள் ஏற்கெனவே நல்ல உடல்நலம் உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டால் விடை கொஞ்சம் இனிப்பாகத்தான் வரும். 2014இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, 96,217 கொடையாளர்களைக் கொடுக்காத நல்ல உடல்நலமுள்ளவர்களோடு ஒப்பிட்டது. வாழ்நாளில் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு கொடையாளர்களில் பத்தாயிரத்துக்கு 90 என்றும், கொடுக்காத நலமுடையோரில் 14 என்றும், பொதுமக்களில் 326 என்றும் அது மதிப்பிட்டது. ஆக, ஆபத்து கூடுகிறது என்பதும் உண்மை, கூடிய பின்னும் அது சிறியது என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை மறைத்துச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

இந்த எண்கள் எதை அளக்கவில்லை என்பதுதான் உங்கள் மகள் விஷயத்தில் முக்கியம். நடுவயதில் இருக்கும் உங்கள் மனைவிக்கு நீரிழிவோ இரத்தக் கொதிப்போ வரக்கூடியதாக இருந்தால், அதற்கான அறிகுறியாவது இன்றைய பரிசோதனையில் தெரிய வாய்ப்பு உண்டு. இருபது வயதில் எல்லாப் பரிசோதனைகளும் சீராகத்தான் வரும். நாற்பதில் என்ன வரும் என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது. உங்கள் சிறுநீரகங்கள் நீரிழிவினாலோ பரம்பரைக் கோளாறினாலோ கெட்டிருந்தால் அதே வித்து மகளிடமும் இருக்கக்கூடும். கருத்தரிப்பையும் பார்க்க வேண்டும். கனடாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்றில், சிறுநீரகம் கொடுத்த பெண்கள் பின்னர் கருவுற்றபோது, 11 விழுக்காடு கர்ப்பங்களில் கர்ப்பகால இரத்தக் கொதிப்பு ஏற்பட்டது. கொடுக்காதவர்களில் அது 5 விழுக்காடு. தாய்சேய் நலம் பெரும்பாலும் நன்றாகவே அமைந்தது என்றாலும், இதை அறிந்த பின்னரே ஓர் இளம்பெண் முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்று, பலரும் பேசத் தயங்குவது. மாற்றிப் பொருத்திய சிறுநீரகம் வாழ்நாள் முழுவதும் உழைக்கும் என்ற உறுதி இல்லை. நாற்பத்தொன்பது வயதில் பெறும் உங்களுக்கு, அறுபத்தைந்தில் மற்றொன்று தேவைப்படலாம். அப்போது மகளுக்கு வயது முப்பத்தாறு. அவர் உடல்நலம் எப்படி என்பது தெளிவாகியிருக்கும், குடும்பமும் அமைந்திருக்கலாம். அன்றைக்கும் அவர் விரும்பினால் பேசிக்கொள்ளலாம்.

‘எனக்குத்தான் தெரியும்’ என்று மகள் சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. இரண்டாம் ஆண்டில் எனக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

கேள்வி: நான் பார்த்தவரை எங்கள் மருத்துவமனையில் சிறுநீரகம் பெறுபவர் ஆணாகவும் கொடுப்பவர் அவருடைய தாயாகவோ மனைவியாகவோ இருப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. வார்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இது என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறதா?
– இறுதியாண்டு மாணவி, திருநெல்வேலி

பதில்: உங்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது. நாடு முழுவதும் உயிருடன் கொடுப்பவர்களில் பெண்கள் பெரும்பான்மை, பெறுபவர்களில் ஆண்கள் பெரும்பான்மை. ‘அவர் சம்பாதிக்கிறவர், அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது’ என்பது வீட்டில் சொல்லப்படும் காரணம். மனைவிக்கு நோய் வந்தால் கணவருக்கு அறுவை செய்துகொள்ள முடியாத காரணம் ஏதாவது வந்துவிடுகிறது. பல தாய்மார்களும் மனைவியரும் மனமுவந்தே கொடுக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை; அன்பு எங்கே முடிகிறது, வேறு வழியின்மை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்கத்தான் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

சட்டத்தை வகுத்தவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. 2014ஆம் ஆண்டு விதிகள், கொடையாளர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும் என்றும், அவருடைய அடையாளத்தையும் சுதந்திரமான ஒப்புதலையும் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்றும் சொல்கின்றன. பெண் தன் உடலைப் பற்றி எடுக்கும் முடிவு அவருடையதே என்பதற்கு மறுபக்கமும் உண்டு: தந்தைக்குச் சிறுநீரகம் கொடுக்க விரும்பிய மணமான பெண்ணிடம் மருத்துவமனை கணவரின் சம்மதத்தைக் கேட்டபோது, அப்படியொரு கட்டாயம் சட்டத்தில் இல்லை என்று தில்லி உயர் நீதிமன்றம் 2022இல் கூறியது.

நீங்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கொடையாளரிடம் விவரம் கேட்டு எழுதும் பொறுப்பு உங்களுக்கு வரும்போது, உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் தனியாகப் பேசுங்கள். ‘உங்களுக்கு இதில் என்ன பயம்?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். சம்மதமா என்று கேட்டால் தலையாட்டல்தான் கிடைக்கும்.

கேள்வி: என் அக்கா மகன் மருத்துவக் கல்லூரியில் படிக்கிறான். அவனுக்கு மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படுகிறது. தாய்மாமனாகிய நான் கொடுக்க முன்வந்தால், ‘நெருங்கிய உறவினர்’ பட்டியலில் நான் இல்லை என்கிறார்கள். தாய்மாமனைவிட நெருங்கிய உறவு எது?
– வாசகர், காரைக்குடி

பதில்: காதுகுத்தில் மடியில் உட்கார வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கலாம், சட்டத்தின் கணக்கு வேறு. கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரும், 2011 திருத்தத்துக்குப்பின் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தியும் மட்டுமே அதில் நெருங்கிய உறவினர். மாமா, அத்தை, சித்தப்பா, மைத்துனர், மாமனார் மாமியார் எவரும் இல்லை. இதற்காக உங்களால் கொடுக்கவே முடியாது என்று பொருளில்லை. பாசத்தினாலும் பற்றினாலும் கொடுக்கிறீர்கள், பணம் கைமாறவில்லை என்பதை அங்கீகாரக் குழுவின் முன் ஆவணங்களோடு நிறுவினால் அனுமதி கிடைக்கும். மாற்று அறுவை செய்யும் குழுவினர் அந்தக் குழுவில் இருக்க மாட்டார்கள். முதலில் அக்காவும் அத்தானும் பரிசோதனை செய்துகொள்ளட்டும். இரத்தப் பிரிவு பொருந்தவில்லை என்றால், அதே சிக்கலில் உள்ள மற்றொரு குடும்பத்தோடு கொடையாளரை மாற்றிக்கொள்ளவும் 2011 திருத்தம் இடம் தருகிறது.

கேள்வி: கேரளத்தில் முன்பின் தெரியாதவருக்குச் சிறுநீரகம் கொடுத்தவர்களைப் பற்றிப் படித்தேன். நானும் அப்படிக் கொடுக்க விரும்புகிறேன். வயது 22.
– மருத்துவ மாணவர், கோயம்புத்தூர்

பதில்: 2009இல் பாதிரியார் டேவிஸ் சிரமேலும், 2011இல் தொழிலதிபர் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளியும் கொடுத்ததைப் படித்திருப்பீர்கள். இருவரும் நடுவயதைத் தொட்ட பிறகே கொடுத்தவர்கள். உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன். நாற்பது வயதிலும் அது அப்படியே இருந்தால் அங்கீகாரக் குழுவை அணுகுங்கள். அதுவரை இரத்தம் கொடுங்கள், இறந்தபின் உறுப்பு கொடுக்கப் பதிவு செய்யுங்கள், அந்த விருப்பத்தை வீட்டில் உரக்கச் சொல்லி வையுங்கள். மூளைச்சாவு நேரும்போது முடிவெடுப்பது வீட்டார்தான். 2008இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் அந்தப் பேச்சே வீடுகளுக்குள் நுழைந்தது. இங்கே இறந்தபின் உறுப்பு கொடுத்தவர்கள் 2023இல் 178 பேர், 2024இல் 268 பேர். இந்த எண் ஏற ஏறத்தான் உயிருள்ளவர்மேல் விழும் பாரம் குறையும்.

கேள்வி: விடுதியில் விவாதம் நடந்தது. ‘ஏழைக்குப் பணம் தேவை, நோயாளிக்குச் சிறுநீரகம் தேவை, இருவரும் ஒப்புக்கொண்டால் சட்டம் ஏன் குறுக்கே வர வேண்டும்?’ என்றார்கள் என் நண்பர்கள் பலர். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.
– மாணவர், சென்னை

பதில்: பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சிறுநீரகத்தை விற்ற 305 பேரைச் சென்னையில் நேரில் கண்டு விசாரித்த ஆய்வு 2002இல் வெளியானது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். விற்றபின் அவர்களுடைய குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரும்பாலானோர் இன்னும் கடனில்தான் இருந்தார்கள். 86 விழுக்காட்டினர் உடல்நலம் குன்றிவிட்டதாகச் சொன்னார்கள். மற்றவர்களுக்கும் இதைப் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டதற்கு 79 விழுக்காட்டினர் மாட்டோம் என்றார்கள். ஆக, அந்த வியாபாரத்தில் ஏழைக்கு வர வேண்டிய பயனே வரவில்லை.

முறைப்படி பரிசோதிக்கப்பட்ட கொடையாளர்கள் நலமாக வாழ்கிறார்கள் என்று மேலே எழுதியதற்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. தரகர் அழைத்து வருபவருக்கு ஒழுங்கான பரிசோதனையும் இல்லை, ஆண்டுதோறும் தொடர் கவனிப்பும் இல்லை. மூட்டை தூக்கும் வேலைக்கு உடனே திரும்ப வேண்டிய நிலையும் இருக்கிறது. 2011 திருத்தத்தின்படி இந்த வணிகத்துக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறையும், இருபது லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதற்குப் பிறகும் 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களைச் சுற்றி இதே புகார் எழுந்தது. ‘இருவரும் ஒப்புக்கொண்டால்’ என்று உங்கள் நண்பர்கள் சொல்லும் இடத்தில் கந்துவட்டிக்காரர் என்ற மூன்றாமவர் நிற்கிறார்.

கேள்வி: வார்டில் ஒரு நோயாளியின் அண்ணன் என்னிடம், ‘டாக்டர், நீங்களாக இருந்தால் கொடுப்பீர்களா?’ என்று கேட்டார். நான் மழுப்பிவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?
– ஹவுஸ் சர்ஜன், தஞ்சாவூர்

பதில்: உண்மையில் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லலாம், ஆனால் அது அவருக்குத் தீர்ப்பாகிவிடும் என்பதை நினைவில் வைத்திருங்கள். வெள்ளைக் கோட்டு அணிந்தவர் ‘கொடுப்பேன்’ என்றால் மறுக்க நினைப்பவர் குற்றவாளியாகிவிடுவார். ‘கொடுக்க மாட்டேன்’ என்றால் கொடுக்க வந்தவர் கலங்கிவிடுவார். அந்தக் கேள்விக்குள் வேறொரு கேள்வி இருக்கும். மனைவி தடுக்கிறாரா, லாரி ஓட்டும் வேலைக்குத் திரும்ப முடியுமா, தனக்கும் இந்த நோய் வருமா என்று ஏதோ ஒன்று அவரை உறுத்திக்கொண்டிருக்கும். அதைக் கேட்டு வாங்கி, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லி, தெரியாததற்கு மூத்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் அண்ணனுக்குச் சிறுநீரகம் தேவைப்படுகிறது. வீட்டில் எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். ‘நீதான் டாக்டராகப் போகிறாய், உனக்குத்தான் பயம் இருக்காது’ என்கிறார் அப்பா. எனக்குப் பயமாக இருக்கிறது, விருப்பமும் இல்லை. இப்படி எழுதவே வெட்கமாக இருக்கிறது.
– ஒரு மருத்துவ மாணவர் (பெயரும் ஊரும் வேண்டாம்)

பதில்: வெட்கப்பட ஒன்றும் இல்லை. மருத்துவம் படிப்பதால் உங்கள் உடல் குடும்பத்தின் பொதுச்சொத்து ஆகிவிடாது. படிப்பு உங்களுக்கு விவரம் தருகிறது. விவரம் தெரிந்தவர் ‘வேண்டாம்’ என்று சொல்வதும் விவரம் தெரிந்த முடிவுதான்.

பரிசோதனைக்குப் போக ஒப்புக்கொண்டாலே கொடுக்க ஒப்புக்கொண்டதாகிவிடாது. எந்தக் கட்டத்திலும், அறுவை அரங்கின் வாசலிலும்கூட, நீங்கள் விலகலாம். கொடையாளரைப் பரிசோதிக்கும் மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ தனியாக நேரம் கேட்டு, எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். அவர் உங்கள் வீட்டாரிடம், ‘இவர் கொடையாளராக இருக்கப் பொருத்தமானவர் இல்லை’ என்று மட்டும் சொல்வார். காரணத்தை அவர் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அப்பா எத்தனை முறை கேட்டாலும் சொல்லமாட்டார். விருப்பமின்மையும் எங்கள் கணக்கில் ஒரு பொருத்தமின்மைதான் என்பதால், அதில் பொய்யும் இல்லை. அதன்பின் உங்கள் அண்ணனின் பெயரை இறந்தவர்களிடமிருந்து சிறுநீரகம் பெறுவதற்கான காத்திருப்புப் பட்டியலில் பதிவு செய்யும் வேலையிலும், டயாலிசிஸ் நாட்களில் அவருடன் போய் வருவதிலும் உங்கள் உதவி வீட்டுக்கு நிறையவே தேவைப்படும்.